பர்மிட் இல்லாமல் எல்லை தாண்டிய தில்லையாடி வள்ளியம்மை

ஓசூரில் இருந்து தினமும் பெங்களூர் பக்கம் வேலைக்குப் போகிறவர்களைக் கேட்டுப் பாருங்கள். அத்திப்பள்ளியில் மாநில எல்லை எப்போது வந்தது, எப்போது போனது என்று பலரும் கவனிப்பதே இல்லை.

காலையில் சாப்பாட்டுப் பையுடன் பஸ் ஏறுகிறார்கள். பாதித் தூக்கத்தில் எல்லை தாண்டுகிறார்கள். மாலையில் திரும்பி வருகிறார்கள். நீ யார், எந்த ஊர், காகிதம் எங்கே என்று யாரும் கேட்பது இல்லை.

2020-ம் ஆண்டு கொரோனா ஊரடங்கில்தான் நிலைமை மாறியது. ஜூஜூவாடி சோதனைச் சாவடியில் இ-பாஸ் கேட்டார்கள். பாஸ் இல்லாதவர்கள் எல்லையிலே நின்றார்கள். அக்கரையில் தாய் வீடு, இக்கரையில் புருஷன் வீடு என்று இருந்தவர்கள் தவித்துப் போனார்கள். அது சில மாதங்கள்தான்.

வாழ்நாள் முழுவதும் அப்படி ஓர் எல்லை இருந்தால்? எல்லைக்கு அந்தப் பக்கம் பிறந்தவளே அந்தப் பக்கம் போக முடியாது என்றால்?

அப்படி ஓர் எல்லையைத் தாண்டித்தான் ஒரு தமிழ்ப் பெண் ஜெயிலுக்குப் போனாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயதுகூட நிரம்பவில்லை. அவள் பெயர் வள்ளியம்மை.

கடல் கடந்த குடும்பம்

தரங்கம்பாடிக்குப் பக்கத்தில் தில்லையாடி என்று ஓர் ஊர். இன்றைய மயிலாடுதுறை மாவட்டத்தில் இருக்கிறது. வள்ளியம்மையின் தாயார் மங்களத்தம்மாள் அந்த ஊர்க்காரர். தகப்பனார் முனுசாமி முதலியார். இருவரும் பிழைப்புத் தேடித் தென்னாப்பிரிக்கா போனார்கள். ஜோகன்னஸ்பர்க் நகரில் சிறு வியாபாரம் செய்தார்கள்.

அங்கேதான் 1898-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி வள்ளியம்மை பிறந்தாள். தில்லையாடியை அவள் கண்ணால் பார்த்தது இல்லை. ஆனாலும் அந்த ஊரின் பெயர்தான் இன்றுவரை அவள் பெயருக்கு முன்னால் நிற்கிறது!

இவர்களுக்கு முன்பே தமிழர்கள் அங்கு போயிருந்தார்கள். 1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி சென்னையில் இருந்து சென்ற டுரூரோ என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. அதில் இருந்தவர்கள் 342 பேர். கரும்புத் தோட்டங்களில் வேலை செய்ய ஐந்து வருட ஒப்பந்தம். அந்தக் கூலிகளுக்குப் பின்னால் வியாபாரிகள் போனார்கள். 1911-ம் ஆண்டு கூலிக் கப்பல்கள் நின்றபோது, ஒப்பந்தத்தில் போனவர்கள் மட்டும் ஒன்றரை லட்சம் பேருக்கு மேல்.

வேலைக்கு ஆள் வேண்டும் என்றபோது வெள்ளைக்காரர்கள் வருந்தி வருந்தி அழைத்தார்கள். வந்தவர்கள் வீடு கட்டிக் கடை வைத்து, பிள்ளைகளைப் படிக்க வைத்ததும், இவர்கள் ஏன் இங்கே இருக்கிறார்கள் என்று கேட்டார்கள்.

பத்து விரல் சட்டம்

தென்னாப்பிரிக்காவில் அப்போது நான்கு நாடுகள் இருந்தன. நேட்டால், டிரான்ஸ்வால், கேப், ஆரஞ்சு பிரீ ஸ்டேட் என்பவை அவை. 1910-ம் ஆண்டு நான்கும் ஒரே நாடாக இணைக்கப்பட்டன. வெள்ளைக்காரர்களுக்கு எல்லை போயிற்று. இந்தியர்களுக்கு மட்டும் நான்கு எல்லைகளும் அப்படியே இருந்தன.

அதற்கு முன்பே, 1906-ம் ஆண்டில் டிரான்ஸ்வால் சர்க்கார் ஓர் அவசரச் சட்டம் கொண்டு வந்தது. எட்டு வயதுக்கு மேற்பட்ட ஒவ்வொரு இந்தியரும் பெயரைப் பதிவு செய்ய வேண்டும். பத்து விரல்களின் ரேகையையும் கொடுக்க வேண்டும். அதற்கு ஒரு சர்டிபிகேட்டு தருவார்கள். அதை எப்போதும் கையில் வைத்திருக்க வேண்டும். போலீசார் நடுத்தெருவிலும் கேட்கலாம். வீட்டுக்குள் வந்தும் கேட்கலாம். இல்லை என்றால் அபராதம், ஜெயில், நாடு கடத்தல்!

அப்போது வள்ளியம்மைக்கு வயது சரியாக எட்டு.

கைநாட்டு என்றால் நமக்குத் தெரியும். எழுதத் தெரியாதவர் பத்திரத்தில் பெருவிரலை உருட்டுவது. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. ஆனால் படித்தவர், படிக்காதவர், வியாபாரி, தொழிலாளி எல்லோரையும் நிறுத்தி வைத்துப் பத்து விரலையும் கேட்டால்? குற்றவாளிகளிடம்தான் அப்படி வாங்குவார்கள். அதுதான் அந்த மக்களின் மனதைச் சுட்டது.

1906-ம் ஆண்டு செப்டம்பர் 11-ந் தேதி ஜோகன்னஸ்பர்க் எம்பயர் தியேட்டரில் இந்தியர்கள் கூடினார்கள். காந்திஜி அங்கே வக்கீலாக இருந்த காலம். சட்டத்துக்குப் பணிவதில்லை, வரும் தண்டனையை ஏற்பது என்று எல்லோரும் ஆண்டவன் பேரில் சத்தியம் செய்தார்கள். சத்தியாகிரகம் பிறந்த நாள் அதுதான். எதிர்ப்புக்குப் பின் பெண்களுக்கு மட்டும் விலக்கு கிடைத்தது. 1907-ல் சட்டம் அமலுக்கு வந்தது.

1908-ம் ஆண்டு ஆகஸ்டில் ஜோகன்னஸ்பர்க் மசூதி மைதானத்தில் ஒரு பெரிய கொப்பரையை வைத்து, இரண்டாயிரத்துக்கு மேற்பட்ட சர்டிபிகேட்டுகளைத் தீயில் போட்டார்கள். அன்று முதல் அந்த மக்கள் தாங்களாகவே காகிதம் இல்லாதவர்கள் ஆனார்கள்.

அதற்கு விலை கொடுக்க வேண்டி வந்தது. நாகப்பன் என்ற இளைஞர் 1909-ல் ஜெயிலுக்குப் போனார். கடும் குளிரில் விடியற்காலையில் ரோடு வேலைக்கு நடத்திச் சென்றார்கள். நுரையீரல் சளி கண்டு, வெளியே வந்த சில நாட்களில், ஜூலை 6-ந் தேதி இறந்து போனார்.

நாராயணசாமி என்பவரின் கதை இன்னும் கொடுமை. அவரை இந்தியாவுக்கு நாடு கடத்தினார்கள். திரும்பி வந்தார். டர்பனில் இறங்க விடவில்லை. கேப் துறைமுகத்திலும் விடவில்லை. கப்பல் மேல்தளத்திலேயே அலைக்கழிந்து, 1910-ம் ஆண்டு அக்டோபர் 16-ந் தேதி டெலகோவா பே என்ற இடத்தில் உயிர் விட்டார். காலை ஊன்ற ஓர் அடி மண் கிடைக்காமல் ஒரு தமிழன் கடலில் செத்தான்.

இதையெல்லாம் கேட்டுத்தான் வள்ளியம்மை வளர்ந்தாள். முனுசாமி முதலியாரும் அந்தப் போராட்டத்தில் ஈடுபட்டவர்.

செல்லாத தாலி

1913-ம் ஆண்டு மார்ச் 14-ந் தேதி கேப் டவுன் கோர்ட்டில் நீதிபதி சியர்ல் ஒரு தீர்ப்பு சொன்னார். கிறிஸ்தவ முறைப்படி நடக்காத, பதிவும் செய்யாத கல்யாணங்கள் செல்லாது என்பது அதன் பொருள்.

அதாவது அக்கினி சாட்சியாகக் கட்டிய தாலிக்கும் மதிப்பில்லை, நிக்காவுக்கும் மதிப்பில்லை. மனைவி மனைவி இல்லை. பிள்ளைக்குத் தகப்பன் சொத்தில் பங்கு இல்லை. இந்தியாவில் இருக்கும் மனைவியைக் கூட்டி வரவும் முடியாது. ஒரே தீர்ப்பில் மங்களத்தம்மாள் கலியாணம் ஆகாதவர் ஆகிவிட்டார்!

ஆண்கள் மட்டும் போராடிய காலம் அன்றோடு முடிந்தது. பெண்கள் கிளம்பினார்கள்.

இன்னொரு கொடுமையும் இருந்தது. அதுதான் மூன்று பவுன் தலைவரி. நேட்டாலில் ஒப்பந்தம் முடிந்த கூலி, ஊர் திரும்ப வேண்டும். அல்லது மறுபடியும் கூலியாகக் கையெழுத்துப் போட வேண்டும். சுதந்திரமாக இருக்க ஆசைப்பட்டால் ஆண்டுக்கு 3 பவுன் கட்ட வேண்டும். மனைவிக்கு 3 பவுன். பதினாறு வயது தாண்டிய மகனுக்கு 3 பவுன். பதின்மூன்று வயது தாண்டிய மகளுக்கும் 3 பவுன்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். நான்கு பேர் உள்ள குடும்பத்துக்கு ஆண்டுக்கு 12 பவுன். ஒரு தொழிலாளியின் சம்பளம் மாதம் சுமார் 14 ஷில்லிங். இருபது ஷில்லிங் ஒரு பவுன். ஆண்டு முழுவதும் உழைத்தாலும் எட்டரைப் பவுன் தேறாது! கட்டாதவர்கள் ஜெயிலுக்குப் போக வேண்டும், இல்லாவிட்டால் மீண்டும் தோட்டத்துக்கு.

வள்ளியம்மையின் வீட்டுக்கு இந்த வரி கிடையாது. அவர்கள் டிரான்ஸ்வால் வியாபாரிகள். அடுத்தவன் தலையில் விழுந்த வரிக்காக அவள் போனாள் என்பதைக் கவனிக்க வேண்டும்.

எல்லை தாண்டினார்கள்

1913-ம் ஆண்டு செப்டம்பர் 15-ந் தேதி கஸ்தூரிபா உள்பட பதினாறு பேர் நேட்டாலில் இருந்து டிரான்ஸ்வாலுக்குள் பர்மிட் இல்லாமல் நுழையப் புறப்பட்டார்கள். எல்லையில் வோக்ஸ்ரஸ்ட் என்று ஓர் ஊர். நமக்கு ஜூஜூவாடி மாதிரி. அங்கே கைதானார்கள். தாங்கள் இன்னார் என்று சொல்லிவிட்டால் விட்டுவிடுவார்களோ என்று பெயரைக்கூடச் சொல்லவில்லை! மூன்று மாதக் கடுங்காவல் கிடைத்தது.

மறுபுறம் ஜோகன்னஸ்பர்க்கில் இருந்து பதினொரு பெண்கள் கிளம்பினார்கள். பெரும்பாலோர் தமிழச்சிகள். தம்பி நாயுடுவின் மனைவி வீரம்மாள் அதில் ஒருவர். சிலர் இடுப்பில் கைக்குழந்தை. ஒருவர் கர்ப்பிணி.

இவர்கள் ஆரஞ்சு பிரீ ஸ்டேட் எல்லையைத் தாண்டினார்கள். போலீசார் கைது செய்யவில்லை. லைசென்சு இல்லாமல் கூடை தூக்கி வியாபாரம் செய்தார்கள். அப்போதும் பிடிக்கவில்லை. ஜெயிலுக்குப் போக எவ்வளவு பாடு!

கடைசியில் நேட்டாலுக்குள் நுழைந்து நியூகாசில் நிலக்கரிச் சுரங்கங்களுக்குப் போனார்கள். தொழிலாளர்களிடம் மூன்று பவுன் வரியைப் பற்றிப் பேசினார்கள். தமிழில் பேசினார்கள். சுரங்கங்களில் வேலை நின்றது. சர்க்காருக்கு இப்போதுதான் ஆபத்து புரிந்தது. அக்டோபர் 21-ந் தேதி அவர்களைக் கைது செய்து மூன்று மாதம் உள்ளே தள்ளியது.

இந்தச் செய்தி ஜோகன்னஸ்பர்க் வந்தது. இரண்டாவது பெண்கள் கூட்டம் தயாராயிற்று. அதில் மங்களத்தம்மாள் சேர்ந்தார். வள்ளியம்மையும் சேர்ந்தாள்.

வீட்டில் முனுசாமி முதலியார் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, உடம்பு தேறாமல் இருந்தார். நோயாளியான கணவரை விட்டு, வயதுக்கு வந்த மகளையும் கூட்டிக்கொண்டு தாய் கிளம்புகிறார் என்றால், அக்காலத்துத் தமிழ்க் குடும்பத்தில் அது எவ்வளவு பெரிய காரியம் என்று நம் வீட்டுப் பாட்டிமார்களைக் கேட்டால் தெரியும்.

அக்டோபர் 29-ந் தேதி அவர்கள் நேட்டாலுக்குப் புறப்பட்டார்கள்.

ஊர் ஊராக

அதே நாட்களில் நியூகாசிலில் இருந்து தொழிலாளர்களை காந்திஜி எல்லையோரம் அழைத்துச் சென்றுகொண்டிருந்தார். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒன்றரை ராத்தல் ரொட்டி, கொஞ்சம் சர்க்கரை. அவ்வளவுதான் உணவு. நவம்பர் 6-ந் தேதி எல்லை தாண்டியவர்கள் 2,037 ஆண்கள், 127 பெண்கள், 57 குழந்தைகள். யாரிடமும் பர்மிட் இல்லை. ஒரு தாயின் குழந்தை வழியில் குளிரால் இறந்தது. இன்னொரு குழந்தை ஓடையில் விழுந்து இறந்தது. அந்தத் தாய்மார்கள் நடையை நிறுத்தவில்லை.

வள்ளியம்மையும் தாயும் மற்றப் பெண்களுடன் நேட்டாலில் ஊர் ஊராகச் சென்றார்கள். கூட்டம் கூட்டினார்கள். மூன்று பவுன் வரி என்ன என்று விளக்கி, வேலையை நிறுத்தும்படி கேட்டார்கள். அவளைப் பற்றி மேடைகளில் எத்தனையோ வீரக் கதைகள் சொல்கிறார்கள். அவை இல்லாமலே அவள் செய்தது போதும். பதினைந்து வயதுப் பெண் இரண்டு மாத காலம் வீடு வாசல் இன்றி, அடுத்தவர் திண்ணையில் படுத்து, கூலி லயன்களில் போய்ப் பேசினாளே!

வேலை நிறுத்தம் கரும்புத் தோட்டங்களுக்கும் பரவியது. சர்க்கார் சுரங்கங்களையே ஜெயில் ஆக்கியது. போலீசார் சுட்டதில் தொழிலாளர்கள் செத்தார்கள். இந்தியாவில் கொந்தளிப்பு எழுந்தது. கோகலே ஊர் ஊராக நிதி திரட்டினார். ஓசூருக்குப் பக்கத்துத் தொரப்பள்ளியில் பிறந்து, சேலத்தில் வக்கீல் தொழில் செய்துவந்த ராஜாஜியும் அந்தப் போராட்டத்துக்குப் பணம் திரட்டி அனுப்பினார். காந்திஜியை அவர் நேரில் பார்த்திராத காலம் அது. வைஸ்ராய் ஹார்டிங்கு பிரபுவே சென்னையில் பேசும்போது சத்தியாகிரகிகளுக்கு அனுதாபம் தெரிவித்தார்!

நெருக்கடி முற்றியது. டிசம்பர் 18-ந் தேதி காந்திஜியை விடுதலை செய்தார்கள். விசாரணைக் கமிஷன் போட்டார்கள்.

ஆனால் எல்லைச் சட்டம் அப்படியே இருந்தது. டிரான்ஸ்வாலில் பிறந்த வள்ளியம்மை டிரான்ஸ்வாலுக்குத் திரும்பி வந்தாள். வோக்ஸ்ரஸ்ட் எல்லையில் பிடித்தார்கள். டிசம்பர் 22-ந் தேதி மூன்று மாதக் கடுங்காவல் விதித்தார்கள். தலைவர்கள் வெளியே வந்த வாரத்தில் சிறுமி உள்ளே போனாள்.

மாரிட்ஸ்பர்க் ஜெயில்

மாரிட்ஸ்பர்க் ஜெயிலில் பெண்களுக்குச் சலவை வேலை. மூட்டை மூட்டையாகத் துணி துவைக்க வேண்டும். சாப்பாடு வாயில் வைக்க முடியாது. வெளியில் இருந்து உணவு தரவும் அனுமதி இல்லை. அதே டிசம்பரில் தண்டனை முடிந்து வெளியே வந்த கஸ்தூரிபா எலும்பும் தோலுமாக இருந்தார்.

உள்ளே போன சில நாட்களிலே வள்ளியம்மைக்குக் காய்ச்சல் கண்டது. உடம்பு உருகியது. ஜெயில் அதிகாரிகள் பயந்துவிட்டார்கள். தண்டனை முடியும் முன்பே வெளியே போகலாம் என்றார்கள். அவள் மறுத்துவிட்டாள்.

விடுதலையாகி ஜோகன்னஸ்பர்க் வீட்டுக்கு வந்தபோது எழுந்து நிற்கவும் சக்தி இல்லை. காந்திஜி பார்க்க வந்தார். உயரமான பெண், கட்டிலில் வற்றிக் கிடந்தாள். ஜெயிலுக்குப் போனதற்கு வருத்தம் உண்டா என்று அவர் கேட்டார். இல்லை, இப்போது பிடித்தாலும் மறுபடி போகத் தயார் என்றாள். செத்துப் போனால் என்ன செய்வாய் என்று கேட்டார். அதைப் பற்றிக் கவலை இல்லை என்று சொல்லிவிட்டாள்.

1914-ம் ஆண்டு பிப்ரவரி 22-ந் தேதி வள்ளியம்மை இறந்தாள். அன்று அவளுக்குப் பதினாறாவது பிறந்த நாள்.

சட்டம் மாறியது

நான்கே மாதத்தில் சட்டம் மாறியது. 1914-ம் ஆண்டு நடுவில் இந்தியர் நிவாரணச் சட்டம் நிறைவேறியது. மூன்று பவுன் தலைவரி ஒழிந்தது. இந்தியர்களின் கல்யாணங்கள் செல்லும் என்றார்கள். மங்களத்தம்மாளின் தாலிக்கு மதிப்பு வந்தது. பார்க்க மகள் இல்லை.

இன்னொரு ஷரத்தும் உண்டு. குடியுரிமைச் சர்டிபிகேட்டில் உள்ள பெருவிரல் ரேகை ஒத்துப் போனால், அவர் நாட்டுக்குள் வரலாம். வேறு அத்தாட்சி கேட்கக் கூடாது. எந்தக் கைரேகையைக் கேட்டு மக்களை விரட்டினார்களோ, அதே ரேகை இப்போது அவர்கள் உரிமைக்குச் சாட்சி ஆயிற்று!

எல்லாம் கிடைத்துவிடவில்லை. மாகாண எல்லைகள் போகவில்லை. ஆரஞ்சு பிரீ ஸ்டேட்டில் இந்தியர் குடியிருக்கக் கூடாது என்ற தடை 1980-களின் நடுப்பகுதி வரை இருந்தது.

காகிதம் இல்லாதவர்களின் பிரச்சினை இன்னும் உலகில் தீரவில்லை. பிரான்சில் அவர்களுக்கு சான் பாப்பியே என்றே பெயர். காகிதம் இல்லாதவர் என்று அர்த்தம். 1996-ம் ஆண்டு சுமார் முந்நூறு ஆப்பிரிக்கர்கள், குழந்தை குட்டிகளோடு, பாரீசில் புனித பெர்னார்டு தேவாலயத்தில் தஞ்சம் புகுந்தார்கள். நம் இலங்கைத் தமிழர்கள் கடை வைத்திருக்கும் லா ஷப்பேல் வட்டாரத்தில்தான் அது இருக்கிறது. ஆகஸ்டு 23-ந் தேதி போலீசார் கதவை உடைத்து உள்ளே போய் எல்லோரையும் பிடித்தார்கள். உலகமே பார்த்தது.

ஆனாலும் 1913-க்கும் இதற்கும் வித்தியாசம் உண்டு. பிரான்சில் தாய் தகப்பனிடம் காகிதம் இல்லை என்பதற்காகப் பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க மறுக்க முடியாது. காகிதம் இல்லாத ஏழைக்கும் வைத்தியம் செய்ய 2000-ம் ஆண்டு முதல் தனி ஏற்பாடு உண்டு. வெளியேற்றும் உத்தரவை எதிர்த்து கோர்ட்டுக்குப் போகலாம். நாராயணசாமியைக் கப்பல் கப்பலாக அலைய விட்டதுபோல் சட்டப்படி செய்ய முடியாது.

நம் நாட்டில் அரசியல் சட்டத்தின் 19-வது பிரிவு, நாடு முழுவதும் தடையின்றிப் போய்வரும் உரிமையைக் குடிமக்களுக்குத் தருகிறது. ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் ஓசூர் தொழிற்சாலைகளுக்கு வருகிறவர்கள் அந்த உரிமையில்தான் வருகிறார்கள். 21-வது பிரிவு இன்னும் விரிவானது. உயிருக்கும் சுதந்திரத்துக்கும் அது தரும் பாதுகாப்பு, இந்த மண்ணில் இருக்கும் அன்னியருக்கும் உண்டு.

கட்டாத மண்டபம்

ஜோகன்னஸ்பர்க்கில் பிராம்பான்டெய்ன் இடுகாட்டில் வள்ளியம்மையை அடக்கம் செய்தார்கள். நாகப்பனின் சமாதியும் அங்கேதான். 1914-ம் ஆண்டு ஜூலை 15-ந் தேதி இருவருக்கும் நினைவுக் கற்கள் திறக்கப்பட்டன. காந்திஜி வந்திருந்தார். மூன்று நாள் கழித்து அவர் தென்னாப்பிரிக்காவை விட்டே கப்பல் ஏறினார்.

1915-ம் ஆண்டு தமிழ்நாட்டில் சுற்றுப்பயணம் செய்தபோது தில்லையாடிக்குப் போனார். வள்ளியம்மையே பார்க்காத அந்த ஊரை அவர் பார்த்தார்.

2008-ம் ஆண்டு வள்ளியம்மையின் படத்துடன் இந்தியத் தபால் தலை வெளிவந்தது. சென்னை எழும்பூரில் கோ-ஆப்டெக்ஸ் தலைமையகத்துக்குத் தில்லையாடி வள்ளியம்மை மாளிகை என்று பெயர்.

அவள் பெயரால் ஒரு மண்டபம் கட்ட வேண்டும் என்று தென்னாப்பிரிக்க இந்தியர்கள் அப்போதே தீர்மானம் போட்டார்கள். பத்து ஆண்டு கழித்து காந்திஜி அந்தப் போராட்டத்தின் சரித்திரத்தை எழுதியபோதும் அது கட்டப்படவில்லை. அதை அவர் வருத்தத்தோடு குறிப்பிட்டிருக்கிறார்.

மண்டபம் வேறு இடத்தில் வந்தது. 1971-ம் ஆண்டு தமிழக அரசு தில்லையாடியில் அவளுக்கு நினைவு மண்டபம் கட்டியது. தரங்கம்பாடி கோட்டையைப் பார்க்கப் போகிறவர்கள் சற்றுத் தள்ளி இருக்கும் அந்த ஊருக்கும் போய்வரலாம். மண்டபத்தோடு ஒரு பொது நூலகமும் இருக்கிறது.